சிறுநீரக நோயாளியின் தூக்கக் கோளாறும் இதய நலமும்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

சிறுநீரக நோய் உள்ளவர் இரவில் தூங்கவில்லை என்றால், வீட்டார் அதை டயாலிசிஸ் களைப்பு என்றோ வயதின் கோளாறு என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். நான் மருத்துவர் அல்லேன். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவச் சந்திப்புகளுக்குச் சென்றுவருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள்: காரணம் தெரியுமுன் தூக்க மாத்திரை கேட்கிறார்கள், அல்லது சோதனை செய்யுமுன் மூச்சுக்கருவி வாங்கிவிடுகிறார்கள். இந்த நோயில் தூக்கம், உடலில் தேங்கும் நீர், இதயம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால், வரிசை தவறினால் செய்த வேலையையே மறுபடியும் செய்ய நேரிடும்.

தொடங்குமுன் தேவைப்படுபவை

மேற்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி, எடைக் கருவி, ஒரு கோடு போட்ட நோட்டு, கைத்தொலைபேசி ஆகியவை போதும். சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உடலின் இரும்புச்சத்து நிலையைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதம் ஆகிய இரண்டும் பின்னால் தேவைப்படும். டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் அவருடைய உலர் எடை (மிகுதி நீரெல்லாம் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று நிலையத் தாதியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துப் பட்டியலை மட்டும் கொண்டுசெல்லாமல் மருந்துப் பையையே கொண்டுசெல்லுங்கள். மருத்துவமனை கொடுத்தவை மட்டுமே பட்டியலில் இருக்கும். தேக்காவில் வாங்கிய லேகியம், சளிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரை, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த தூக்க மாத்திரை ஆகியவை அதில் ஏறுவதில்லை. சிக்கலுக்குக் காரணமானவை பெரும்பாலும் இவைதாம்.

1. இது காத்திருக்கக்கூடியதா என்று முதலில் பாருங்கள்

இரவில் மூச்சுமுட்டி எழுவதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், குறட்டை நின்று சில விநாடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு ஒரு பெருமூச்சோடு விழித்து, உடனே மீண்டும் தூங்கிவிடுவார்கள். இது தூக்க மூச்சுத்தடையின் போக்கு. இரண்டாவது வகையில், படுத்து ஓரிரு மணி நேரத்தில் மூச்சு வாங்கி எழுந்து, கட்டிலோரத்தில் கால்களைத் தொங்கப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால்தான் ஆசுவாசம் கிடைக்கும். இது நுரையீரலில் நீர் தேங்குவதன் அறிகுறியாகவோ இதயம் திணறுவதன் அறிகுறியாகவோ இருக்கலாம்.

இரண்டாவது வகையாகத் தோன்றினால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அன்றே டயாலிசிஸ் நிலையத்தையோ மருத்துவரையோ அழையுங்கள். உட்கார்ந்த பிறகும் மூச்சு சீராகவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, மயக்கம் வருகிறது என்றால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

தலையணைகளின் எண்ணிக்கையைக் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. போன மாதம் ஒரு தலையணையில் படுத்தவர் இப்போது மூன்று அடுக்கிப் படுக்கிறார், அல்லது நாற்காலியிலேயே தூங்குகிறார் என்றால், அவர் வாய்திறந்து சொல்லாததை அந்தத் தலையணைகள் சொல்லிவிடுகின்றன.

2. இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்

மருத்துவரிடம் "சரியாகத் தூங்குவதில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் பிரித்தறிய முடியாது. நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: டயாலிசிஸ் நாளா இல்லையா, எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை எழுந்தார், எதற்காக எழுந்தார், பகலில் எங்கே எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார், காலை எடை, காலையிலும் இரவிலும் ரத்த அழுத்தம், மாலையில் கணுக்கால் வீக்கம். ஃபிஸ்டுலா (டயாலிசிசுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டவே கூடாது. மறு கையில்தான் கட்ட வேண்டும்.

டயாலிசிஸ் நாளைத் தனியே குறிப்பதற்குக் காரணம் உண்டு. வாரத்திற்கு மூன்று முறை சிகிச்சை பெறுபவருக்கு இரண்டு இடைவெளிகள் குறுகியவை, ஒன்று நீண்டது. அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதும் கூடுதலாக இருப்பதை 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நோட்டிலும் அதே இரவுகளில்தான் தூக்கம் மோசமாக இருக்கிறது என்றால், முதல் சந்தேகம் தேங்கிய நீர்மீது விழ வேண்டும்.

அருகில் படுப்பவரின் சாட்சியமும் தேவை. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மருத்துவரிடம், "நான் நல்லாத்தான் தூங்குறேன் டாக்டர்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "எங்க தூங்குறீங்க? பாதி ராத்திரியில மூச்சே நின்னு போவுது, நான்தான் தட்டி எழுப்புறேன்" என்றார். மருத்துவர் அதற்குப் பிறகுதான் தட்டச்சு செய்யத் தொடங்கினார். தூங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. ஆகவே அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது, நெஞ்சும் முகமும் தெரியும்படி, ஒலியோடு சில நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, குறட்டை இல்லை என்பதால் மூச்சுத்தடையும் இல்லை என்று முடிவுகட்டுவது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் சிறுநீரக நோயாளிகளிடம் குறட்டை குறைவாக இருக்கலாம். பகல் தூக்கத்திற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். மூச்சுத்தடை இருக்குமா என்று கணிக்கும் ஸ்டாப்-பேங் போன்ற கேள்விப் பட்டியல்கள் இவர்களிடம் அவ்வளவு துல்லியமாக வேலை செய்வதில்லை என்பதால், அதில் குறைந்த மதிப்பெண் வந்ததும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

3. எந்தக் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டு வார நோட்டைப் புரட்டினால் ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும். மூச்சு நிற்பது, காலைத் தலைவலி, எழுந்தபின் வாய் உலர்தல், மூன்று வகை மாத்திரைகளுக்கும் இறங்காத ரத்த அழுத்தம் ஆகியவை மூச்சுத்தடையின் பக்கம் கைகாட்டுகின்றன. மாலை ஆனதும் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு, படுத்தால் கூடி நடந்தால் குறைவது, கால் தவிப்பு நோய். நம் பெரியவர்கள் "கால் குடையுது" என்று சொல்லும்போது அது மூட்டுவலியா, தசைப்பிடிப்பா, இந்தத் தவிப்பா என்று கேட்டுத் தெளிய வேண்டும். தசைப்பிடிப்பில் கெண்டைக்கால் கல்லாக இறுகும். தவிப்பில் இறுகாது, நடந்தால் அடங்கும்.

டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் நன்றாக உறங்கிவிட்டு இரவில் கண் விழித்துக் கிடப்பது இன்னொரு வகை. இதற்கு மருந்து வேண்டியதில்லை. சிகிச்சையின்போது பேச்சுத் துணையோ வானொலியோ இருந்தால் போதும். அரிப்பினாலும் சிறுநீர் கழிக்கவும் எழுவது வேறு வகை. ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம்.

4. நீரையும் உப்பையும் சரிசெய்யுங்கள்

சோதனைக்கு ஓடுமுன் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பகல் முழுவதும் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் மேல்நோக்கி நகர்ந்து கழுத்துத் திசுக்களில் சேர்கிறது. தொண்டைவழி குறுகி மூச்சுத்தடை வளர்கிறது. அதே நீர் நுரையீரலிலும் இதயத்திலும் சுமையாகிறது. டொராண்டோவில் 14 நோயாளிகளை வழக்கமான டயாலிசிசிலிருந்து இரவுநேர டயாலிசிசுக்கு மாற்றியபோது, மணிக்குச் சராசரியாக 25 ஆக இருந்த மூச்சுத்தடைகள் 8 ஆகக் குறைந்தன என்று 2001இல் வெளியிட்டார்கள். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் மூச்சுத்தடையின் ஒரு பங்கு மூக்கிலோ தொண்டையிலோ பிறப்பதில்லை, உடலின் நீர், கழிவு நிலையில் பிறக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

முதல் வேலை, உலர் எடை சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது. உடலில் தசை கரைந்து மெலிந்தவருக்குப் பழைய உலர் எடையையே வைத்திருந்தால், தராசு சரியாகக் காட்டும்போதும் உள்ளே நீர் மிச்சமிருக்கும். அடுத்தது உப்பு. சிறுநீரக நோயாளிகளுக்கு உலகளாவிய வழிகாட்டுதல்கள் சொல்வது நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புக்குள். நீரைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி உப்பை விட்டுவிட்டால் தாகம் அடங்காது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மீ கோரெங், பராட்டாவுக்கு ஊற்றும் குழம்பு, உடனடி நூடல்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். ரசம், கஞ்சி, மோர், தே தாரிக், பனிக்கட்டி எல்லாமே நீர்க் கணக்கில் சேரும்.

இங்கே ஓர் ஆபத்தான பிழை உண்டு. பேரங்காடிகளில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. வீட்டார் நல்லெண்ணத்தோடு அதை வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்லாமல் பயன்படுத்தாதீர்கள். நட்சத்திரப் பழத்தையும் தொடக்கூடாது. விடாத விக்கலும் தூக்கமின்மையும் மனக்குழப்பமும் அதன் நச்சின் அடையாளங்கள்.

5. மருந்துப் பையைச் சலியுங்கள்

பையை மேசையில் கொட்டி, மருந்தாளரோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் சங்கிலி இது: சிறுநீரக நோயால் உடல் அரிக்கிறது, அரிப்புக்குத் தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுகிறார்கள், அந்த வகை மாத்திரை கால் தவிப்பைக் கூட்டுகிறது, கால் தவிப்பால் தூக்கம் போகிறது, தூக்கத்துக்காக இன்னொரு மாத்திரை வருகிறது. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை சளி மருந்துகளிலும் ஒளிந்திருக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் கால் தவிப்பைக் கூட்டக்கூடியவை.

சிறுநீர் பெருக்கும் மாத்திரையை இரவில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைக் காலைக்கோ பிற்பகலின் தொடக்கத்துக்கோ மாற்றலாமா என்று கேட்டால், இரவில் பலமுறை எழுவது அந்த ஒரு கேள்வியிலேயே குறையக்கூடும். தூக்க மாத்திரைகளில் சில தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுத்தடையைக் கூட்டலாம் என்பதால், மூச்சுத்தடை இல்லை என்று உறுதியாகுமுன் அவற்றைத் தொடங்காமலிருப்பதே பாதுகாப்பு. இரவு மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வேண்டாம். அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது, குறிப்பாக இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பான் வகையை நிறுத்துவது, இதயத்துக்கு ஆபத்து.

6. கால் தவிப்பு என்றால் முதலில் இரும்புச்சத்து

ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு ஆகிய இரண்டையும் ஒருங்கே பார்க்க வேண்டும். சிறுநீரக நோயில் உடல் அழற்சியால் ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்து நிற்கும். ஆகவே ஆரோக்கியமானவருக்கான அளவுகோலை இங்கே பயன்படுத்த முடியாது. நிறைவு விகிதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நரம்புவழி இரும்புச்சத்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதைச் சிகிச்சையின்போதே ஏற்ற முடியும்.

இரும்பு போதுமானதாக இருந்தும் தவிப்பு தொடர்ந்தால் கபாபென்டின் வகை மருந்து தரப்படலாம். அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால் அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். மருந்து தொடங்கிய சில நாள்களில் தள்ளாட்டம், உளறல், கை வெட்டி இழுத்தல், எழுப்ப முடியாத உறக்கம் தெரிந்தால் உடனே தெரிவியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மருந்தை, அதே அளவில் வாங்கிச் சாப்பிடுவது இந்த நோயில் விளையாட்டல்ல.

7. சோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள்

நீர், உப்பு, மருந்து மூன்றையும் சீராக்கிய பிறகும் அறிகுறிகள் நீடித்தால் தூக்கச் சோதனை கேட்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஏற்கெனவே பார்ப்பவர்கள் அங்கேயே தூக்க மருத்துவப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆரம்பக்கட்ட நோயாளிகள் பலதுறை மருந்தகத்தின் வழியாகச் சென்றால் நிபுணர் மருந்தகத்தில் மானியக் கட்டணம் பெற வழியுண்டு. செலவைப் பற்றிய கேள்வியைச் சோதனைக்கு முன்பே முகப்பில் கேளுங்கள். கட்டணம் கனமாகத் தெரிந்தால் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கோருங்கள். எழுதிய நோட்டும் காணொளியும் இந்தச் சந்திப்பில்தான் கைகொடுக்கும்.

வீட்டில் செய்யும் சோதனை எளிது என்றாலும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், மூளையிலிருந்து வரும் மூச்சுக் கட்டளையே தவறும் வகை சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் ஆய்வுக்கூடத்தில் ஓரிரவு தங்கிச் செய்யும் சோதனையே பொருத்தம். சிறுநீரக நோயில் மூச்சுக் கட்டளை தவறும் வகைக்கும் வாய்ப்பு இருப்பதால், எந்தச் சோதனை என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா எந்தக் கையில் இருக்கிறது என்பது ஒன்று: விரல் உணரியும் மணிக்கட்டுக் கருவியும் மறு கைக்குப் போக வேண்டும், ஃபிஸ்டுலா உள்ள கையை அழுத்திப் படுக்கவும் கூடாது. சோதனை இரவு டயாலிசிஸ் நாளா, இடைவெளி நாளா என்பது இரண்டாவது. அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இரவில் இயந்திரத்தோடு வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர் என்றால், அந்த ஓர் இரவுக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று உங்கள் தாதியரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் சொல்லித் திரும்பி வந்தவர்கள் உண்டு.

8. அறிக்கையில் எதைப் பார்ப்பது

மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது அல்லது குறைந்தது என்ற எண் மேலே இருக்கும். 5க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. அதோடு நிற்காமல், ஆக்சிஜன் எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு நேரம் தாழ்ந்திருந்தது, தடைகள் தொண்டை அடைப்பினாலா மூச்சுக் கட்டளை தவறியதாலா என்ற பிரிவையும் கேளுங்கள்.

அந்தப் பிரிவுக்கு இதயத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. இதயத்தின் இடக்கீழறை வெளியேற்றும் அளவு 45 விழுக்காடோ அதற்குக் குறைவோ உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு, மூச்சுக் கட்டளை தவறும் வகைக்காக ஒருவகைத் தானியங்கிச் சுவாசக் கருவியைக் கொடுத்துப் பார்த்தபோது, இதயநோயால் இறப்பவர்கள் கூடினார்கள் என்று 2015இல் வெளியான சர்வ்-எச்எஃப் ஆய்வு கண்டது. ஆகவே அந்த வகை என்று வந்தால், கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் இதய எக்கோ (ஒலியலைப் படம்) சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். எக்கோவை உலர் எடைக்கு அருகில் இருக்கும் நாளில், அதாவது டயாலிசிசுக்கு மறுநாள்போல, வைத்துக்கொண்டால் நீர் மிகுதி கணக்கைக் குழப்பாது. இணையத்தில் பழைய மூச்சுக்கருவி வாங்குவதை நான் எதிர்ப்பதற்கு இதுவே முதல் காரணம்.

9. சிபாப் கருவியைப் பழகுங்கள்

தொண்டை அடைப்பு வகைக்கு, காற்றழுத்தத்தால் தொண்டைவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியே வழக்கமான சிகிச்சை. முதல் இரவே முழுவதும் அணிய முயல்பவர்கள்தாம் சீக்கிரம் கைவிடுகிறார்கள். மாலையில் வசந்தம் ஒளிவழி பார்க்கும்போது முகமூடியை மட்டும் சிறிது நேரம் அணியுங்கள்; பழகியதும் காற்றோடு அணியுங்கள்; பகல் உறக்கத்துக்கும் பிறகு இரவுக்கும் கொண்டுசெல்லுங்கள். முகத்தில் எண்ணெய் இருந்தால் முகமூடி வழுக்கிக் காற்று கசியும். வார்களை இறுக்குவதற்கு முன் முகத்தைக் கழுவிப் பாருங்கள். மூக்குமேட்டில் காலையில் சிவந்த தடம் இருந்தால் வார்கள் அளவுக்குமேல் இறுகியிருக்கின்றன என்று பொருள்.

சிறுநீரக நோயாளிக்கே உரிய தடுமாற்றம் ஒன்று இருக்கிறது. காற்று வாய்வழியே கசிந்தால் விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் உலர்கிறது. அந்த உலர்ச்சிக்காகக் குடிக்கும் நீர், அடுத்த டயாலிசிசுக்குள் எடையாக நிற்கிறது. கழுத்தில் நீர் சேர்ந்து மூச்சுத்தடை மறுபடி கூடுகிறது. கருவி தொடங்கிய மாதத்தில் இரண்டு டயாலிசிசுகளுக்கு இடையே ஏறும் எடை கூடினால் நோயாளியைக் கடியாதீர்கள், முகமூடியைப் பாருங்கள். சூடாக்கி ஈரப்பதம் தரும் பகுதியை இயக்குவதும், வேறு அளவு முகமூடிக்கு மாறுவதும், குடிப்பதற்குப் பதில் வாயைக் கொப்பளித்துத் துப்புவதும் உதவும்.

வாங்குமுன் சில வாரம் வாடகைக்குக் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். மருத்துவர்கள் பொதுவாகப் பார்க்கும் குறைந்தபட்சப் பயன்பாடு, பத்தில் ஏழு இரவுகளிலாவது நான்கு மணி நேரம். கருவியே இதைப் பதிந்து வைக்கும்.

10. இதயத்தின் பக்கத்தைத் தொடர்ந்து பாருங்கள்

இயல்பானவர்களுக்கு இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்கும். சிறுநீரக நோயிலும் மூச்சுத்தடையிலும் அந்த இறக்கம் நடக்காமல் போவதால் இதயத்துக்கு இரவிலும் ஓய்வில்லை. காலப்போக்கில் இதயத் தசை தடிக்கிறது. மருந்தகத்தில் எடுக்கும் ஓர் அளவில் இது தெரியாது. ஆகவே 24 மணி நேர ரத்த அழுத்தக் கண்காணிப்பு பொருந்துமா என்று கேளுங்கள். படபடப்போ ஒழுங்கற்ற துடிப்போ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூச்சுத்தடையும் இதய மேலறைத் துடிப்புச் சீர்கேடும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன.

சிபாப் மாரடைப்பைத் தடுத்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். ஏற்கெனவே இதய, மூளை ரத்தக்குழாய் நோய் இருந்த 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான சேவ் ஆய்வில், கருவி பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலையும் மேம்பட்டது. அவர்கள் சராசரியாக இரவில் 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே கருவி வந்துவிட்டது என்று ரத்த அழுத்த மாத்திரையையும் உப்புக் கட்டுப்பாட்டையும் தளர்த்தக்கூடாது.

நிலைமை மாறும்போது சோதனையும் மாற வேண்டும். உலர் எடை கணிசமாக மாறினாலோ, டயாலிசிஸ் முறை மாறினாலோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டாலோ, பழைய அறிக்கையின் எண் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு மூச்சுத்தடை நீங்குவதில்லை. ஸ்டீராய்டு மருந்தால் எடை கூடி வளர்வதும் உண்டு. அந்த நேரத்தில் கருவியைப் பரணில் ஏற்றிவிடாமல், தூக்க மருத்துவரிடம் மறுசோதனைக்கு நாள் வாங்குங்கள். பகலில் கண் சொக்கும் நிலையில் டாக்சியோ லாரியோ ஓட்டுபவர், மறுசோதனை நாள்வரை வண்டி ஓட்டலாமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிட வேண்டும்.